ஏற்காடு எஸ்டேட்டில் இணைய மறுத்த மெசேஜ் சர்வர்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு எஸ்டேட்டில் இரண்டாவது எடைக் கொட்டகைக்குப் புதுக் கணினி வந்தது. எடை மென்பொருளை அதில் இன்ஸ்டால் செய்யும்போது கடைசிக்கு முந்தைய பக்கத்தில் வேலை நின்றுவிட்டது. 'மெசேஜ் சர்வருடன் இணைய முடியவில்லை, அமைப்புகளைச் சரிபார்க்கவும்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. எந்த அமைப்பைச் சரிபார்ப்பது என்று அந்த வரியில் இல்லை. எத்தனை முறை அழுத்தினாலும் அதே பதில்தான் வந்தது. இதைச் சரிசெய்ய என்னை அழைத்தார்கள்.

பழம் பழுத்துவிட்டால் காத்திருக்காது. பறித்த பழத்தை அன்றே எடை போட்டு, அன்றே தோல் நீக்க அனுப்ப வேண்டும். பறிப்பவர்களுக்கு நாள் கூலியோடு, அளவுக்கு மேல் பறித்த ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் தொகை உண்டு. ஆகவே தராசில் விழும் ஒவ்வொரு எண்ணும் ஒருவருடைய வருமானம். அந்த எண் கொட்டகையிலிருந்து சேலம் அலுவலகக் கணக்குவரை சிந்தாமல் போய்ச் சேருவதற்காகத்தான் இந்த மெசேஜ் சர்வரே வைக்கப்பட்டது. இந்தக் கோளாறை விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மலையில் எஸ்டேட் ஆபீஸில் ஒரு விண்டோஸ் கணினி சர்வராக ஓடுகிறது. அதில் ரேபிட்எம்க்யூ என்ற மெசேஜ் சர்வர் இருக்கிறது. கொட்டகைக் கணினி ஒவ்வொரு எடைச் சீட்டையும் ஒரு செய்தியாக அந்தச் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை ஒரு வரிசையில் போட்டு வட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு ஷவல் என்ற துணைநிரல் அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேலத்தில் உள்ள இன்னொரு ரேபிட்எம்க்யூவுக்குத் தள்ளும். சேலம் 'கிடைத்தது' என்று உறுதி சொன்ன பிறகே மலைச் சர்வர் தன் வரிசையிலிருந்து அந்தச் செய்தியை நீக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே மரம் விழுந்தாலும் இடி விழுந்தாலும் இணைய இணைப்பு போய்விடும். அப்படிப் போகும் நேரத்தில் செய்திகள் மலையிலேயே பத்திரமாகக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் நோக்கம். நல்ல வடிவமைப்பு. அதை யோசித்துச் செய்தவர்களை இப்போதும் பாராட்டுவேன்.

முந்தைய பருவம் முழுவதும் இது ஓடியிருக்கிறது. அப்படியானால் இப்போது ஏன் ஓடவில்லை?

எஸ்டேட் ரைட்டர் போனில் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல தகவல். "சார், சர்வர் கம்ப்யூட்டர்ல அதே இன்ஸ்டாலரை ஓட்டி டெஸ்ட் போட்டா பச்சை வருதுங்க. கொட்டகையில போட்டா செவப்பு. அப்ப கொட்டகை கம்ப்யூட்டர்லதானே சார் கோளாறு?"

மென்பொருள் கொடுத்த நிறுவனத்தின் ஆளும் அப்படித்தான் நினைத்தார். அவர் சொன்ன வழி, சர்வரில் ரேபிட்எம்க்யூவை அகற்றி, டேட்டா ஃபோல்டரையும் அழித்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுவிடலாம் என்பது. நான் மலைக்கு வந்து பார்க்கும்வரை எதையும் அழிக்க வேண்டாம் என்று ரைட்டரிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் கேட்டார். இந்த வழக்கில் நடந்த மிக நல்ல காரியம் அதுதான்.

முதல் இரண்டு தடைகள்

ஒரு கணினி மெசேஜ் சர்வருடன் இணைய வேண்டுமானால் வரிசையாகப் பல காரியங்கள் நடக்க வேண்டும். சர்வரின் பெயர் முகவரியாக மாற வேண்டும். அந்த முகவரியில் உள்ள போர்ட், அதாவது எண்ணிட்ட வாசல், திறந்திருக்க வேண்டும். அங்கே இருப்பது உண்மையில் மெசேஜ் சர்வர்தானா என்று இரண்டும் கைகுலுக்கித் தெரிந்துகொள்ள வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பொருந்த வேண்டும். அந்தப் பயனருக்கு விர்ச்சுவல் ஹோஸ்ட் எனப்படும் தனிப் பகுதிக்குள் நுழைய அனுமதி இருக்க வேண்டும். இதில் எது அறுந்தாலும் இன்ஸ்டாலர் காட்டுவது ஒரே வரிதான். அதனால் இன்ஸ்டாலரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படியையும் தனித்தனியாகக் கேட்டேன்.

பெயரில் தடங்கல் இருந்தது, உடனே தெரிந்தது. இன்ஸ்டாலரோடு வந்த அமைப்புக் கோப்பில் சர்வரின் பழைய பெயர் எழுதியிருந்தது. கோடையில் சேலம் அலுவலகம் எல்லாக் கணினிகளுக்கும் சொத்துப் பட்டியல்படி எண் போட்டுப் பெயர் மாற்றச் சொல்லியிருந்தது. மலைச் சர்வரின் பெயரும் அப்போது மாறிவிட்டது. பழைய பெயரைக் கேட்டால் அப்படி யாரும் இல்லை என்றுதான் நெட்வொர்க் சொல்லும். பெயர் இருந்த இடத்தில் ஐபி முகவரியைப் போட்டேன். அந்த முகவரி மாறாமலிருக்க ரவுட்டரில் ஒதுக்கியும் வைத்தேன்.

சிவப்பு வரி மாறவில்லை. ஆனால் வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் மாறியது. முன்பு சட்டென்று வந்தது, இப்போது வெகுநேரம் யோசித்துவிட்டு வந்தது. இதைக் கவனித்தால் நிறைய புரியும். உடனே வரும் மறுப்பும் நீண்ட மௌனத்துக்குப் பிறகு வரும் தோல்வியும் வெவ்வேறு இடங்களைக் காட்டுகின்றன. மௌனம் என்றால் பெரும்பாலும் வழியில் ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள் கேள்வியை விழுங்குகிறது என்று பொருள். விண்டோஸில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதன் ஃபயர்வால், யாரும் கேட்காத போர்ட்டைத் தட்டினாலும் 'இங்கே யாரும் இல்லை' என்று வெளியாளுக்குச் சொல்லாது, மௌனமாகவே இருந்துவிடும். எனவே வெளியிலிருந்து பார்க்கும்போது, சர்வர் ஓடவில்லையா, ஓடியும் மறிக்கப்படுகிறதா என்று பிரித்தறிய முடியாது. சர்வருக்குள் போய் நெட்ஸ்டாட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தேன். 5672 என்ற போர்ட்டில் ரேபிட்எம்க்யூ எல்லா முகவரிகளிலும் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் மறிப்பது ஃபயர்வால்தான்.

ஃபயர்வாலில் விதி இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த விதி தனியார் நெட்வொர்க்குக்கு மட்டும் பொருந்தும்படி எழுதப்பட்டிருந்தது. கோடை இடியில் பழைய ரவுட்டர் எரிந்துபோய்ப் புது ரவுட்டர் வைத்திருந்தார்கள். புது ரவுட்டரைக் கண்டதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு 'பொது' என்று முத்திரை போட்டுவிட்டது. பொது நெட்வொர்க்கில் அந்த விதிக்கு வேலையில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நிலையில் பலர் ஃபயர்வாலையே அணைத்துவிடுவார்கள், அல்லது பொது நெட்வொர்க்குக்கும் விதியைத் திறந்துவிடுவார்கள். இந்த எஸ்டேட்டில் விருந்தினர் தங்கும் காட்டேஜ்கள் இருக்கின்றன. சுற்றுலா வருபவர்களுக்கும் அதே ரவுட்டரின் வைஃபைதான் கொடுக்கப்பட்டிருந்தது. வார இறுதியில் யார் யாருடைய கைப்பேசிகளோ அந்த நெட்வொர்க்கில் இருக்கும். அவற்றின் நடுவே கூலிக் கணக்கைத் திறந்து வைப்பது சரியே இல்லை. எனவே விருந்தினர் வைஃபையை ரவுட்டரிலேயே தனியாகப் பிரித்தோம். நெட்வொர்க்கைத் தனியார் வகைக்கு மாற்றினோம். ஃபயர்வால் விதியில் இரண்டு கொட்டகைகளின் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம்.

கொட்டகையிலிருந்து போர்ட் இப்போது திறந்தது. திறந்திருப்பது ரேபிட்எம்க்யூதானா என்பதையும் உறுதி செய்துகொண்டேன். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. டெல்நெட் மூலம் அந்த போர்ட்டுக்குப் போய் ஏதாவது சில எழுத்துகளைத் தட்டி எண்டர் அழுத்த வேண்டும். ரேபிட்எம்க்யூவாக இருந்தால் தான் பேசும் நெறிமுறையின் பெயரை, ஏஎம்க்யூபி (AMQP) என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை, திருப்பி அனுப்பிவிட்டு இணைப்பை மூடிவிடும். ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் 2003-ல் தொடங்கிய அந்த நெறிமுறை, பாஷை தெரியாமல் வருபவனிடம் தன் பாஷையைச் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தும். அந்த நான்கு எழுத்துகள் திரையில் வந்ததும் நெட்வொர்க் பகுதி முடிந்தது என்று தைரியமாக அடுத்த படிக்குப் போனேன்.

இன்ஸ்டாலர் மட்டும் சிவப்பிலேயே நின்றது.

பச்சை சொன்னது என்ன?

சர்வரில் பச்சை, கொட்டகையில் சிவப்பு. பெயரும் ஃபயர்வாலும் சரியான பிறகும் இந்த வித்தியாசம் நீடித்தது என்றால் காரணம் நெட்வொர்க்கில் இல்லை. யார் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகிறோம் என்பதில் இருக்கிறது.

இதற்கு விடை, நடப்பதையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் பதிவுக் கோப்பில்தான் இருக்கும், கொட்டகைக் கணினியில் இருக்காது. கடவுச்சொல் தவறினால், இணைய வரும் பழைய வகைக் கிளையன்ட் மென்பொருள்களுக்கு ரேபிட்எம்க்யூ காரணம் சொல்லாது, இணைப்பை அறுத்துவிடும். ஏஎம்க்யூபி 0-9-1 நெறிமுறை அப்படித்தான் வகுத்திருக்கிறது. தோல்விக் காரணம் கேட்கும் திறன் எனக்கு உண்டு என்று கிளையன்ட் முன்கூட்டியே அறிவித்தால் மட்டுமே 403 என்ற எண்ணுடன் மறுப்பு வரும். இந்த இன்ஸ்டாலர் அதை அறிவித்ததா, அறிவித்தும் பதிலைப் படிக்காமல் விட்டதா என்பது அதை எழுதியவர்களுக்குத்தான் வெளிச்சம். எப்படியானாலும் சர்வர் தன் பதிவில் காரணத்தை எழுதி வைத்திருக்கும்.

விண்டோஸில் அந்தப் பதிவுக் கோப்புகள், ரேபிட்எம்க்யூவை இன்ஸ்டால் செய்த பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும். வழக்கமாக யார் கண்ணிலும் படாத இடம். திறந்து பார்த்தபோது இரண்டு விதமான வரிகள் மாறி மாறி இருந்தன. முதல் வகை, எடை மென்பொருளுக்கென்று போன ஆண்டு உருவாக்கிய பயனர் பெயரில் வந்த முயற்சி. அடையாளம் செல்லாது என்று மறுக்கப்பட்டிருந்தது. இரண்டாம் வகை, கெஸ்ட் என்ற பயனர் பெயரில் வந்த முயற்சி. அந்தப் பயனர் லோக்கல்ஹோஸ்ட் வழியாக, அதாவது அதே கணினிக்குள்ளிருந்து, மட்டுமே இணையலாம் என்று மறுக்கப்பட்டிருந்தது. நிறுவனத்து ஆள் போனில் சொல்லிக் கொட்டகையில் கெஸ்ட் பெயரை முயன்றதன் தடம் அது.

இரண்டாம் வகை வரி பச்சையை விளக்கிவிட்டது. ரேபிட்எம்க்யூவைப் புதிதாகப் போட்டால் கெஸ்ட் என்ற பயனர், கெஸ்ட் என்ற கடவுச்சொல்லோடு, முழு நிர்வாக அதிகாரத்தோடு தானாகவே உருவாகும். இதன் ஆபத்தை உணர்ந்துதான் 2014-ல் வந்த 3.3.0 பதிப்பிலிருந்து, கெஸ்ட் அதே கணினிக்குள்ளிருந்து மட்டுமே நுழைய முடியும் என்று கட்டுப்படுத்தினார்கள். எடை மென்பொருளின் இன்ஸ்டாலரோ, தான் சர்வர் கணினியிலேயே ஓடுகிறது என்று தெரிந்தால், அமைப்புக் கோப்பில் உள்ள பயனரை விட்டுவிட்டு கெஸ்ட்டை வைத்துச் சோதித்துப் பார்க்கிறது. அதனால் சர்வரில் பச்சை. சர்வர் ஓடுகிறது என்ற அளவுக்கு மட்டுமே அந்தப் பச்சைக்குப் பொருள் இருந்தது. எடைப் பயனர் உள்ளே போக முடியுமா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை.

கெஸ்ட்டுக்குப் போட்ட கட்டுப்பாட்டை எடுத்துவிட ஒரே ஒரு அமைப்பு வரி போதும். அந்த வரியைப் போடச் சொல்லும் ஆலோசனை எங்கும் எளிதாகக் கிடைக்கும். போட்டிருந்தால் கொட்டகையிலும் அப்போதே பச்சை வந்திருக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் உலகமே அறிந்த ஒரு கடவுச்சொல்லால் சர்வர் முழுவதையும் ஆள முடியும் என்ற நிலையும் கூடவே வந்திருக்கும். அதைவிட முக்கியமானது, அடுத்து நான் கேட்ட கேள்வி எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

ஒரு பருவம் முழுக்க உள்ளே போய்வந்துகொண்டிருந்த எடைப் பயனர் இப்போது ஏன் செல்லாமல் போனார்?

இரண்டு ஃபோல்டர்கள்

சர்வரில் உள்ள பயனர்களைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தேன். அதுவும் இணைய முடியவில்லை என்றது. பார்ப்பவர்களுக்கு இது இன்னொரு நெட்வொர்க் கோளாறாகத் தோன்றும். அப்படி இல்லை. ரேபிட்எம்க்யூவின் நிர்வாகக் கட்டளை 5672 வழியாகப் போவதில்லை. 4369, 25672 என்ற போர்ட்களில், தான் எழுதப்பட்ட எர்லாங் என்ற நிரல் மொழியின் சொந்த வழியில் பேசுகிறது. அந்த வழியில் இரு தரப்பிடமும் குக்கி எனப்படும் ஒரே ரகசியக் கோப்பு இருக்க வேண்டும். விண்டோஸில் ரேபிட்எம்க்யூ பின்னணியில் சர்வீஸாக ஓடுவது சிஸ்டம் கணக்கில், கட்டளை கொடுப்பது நாம் உள்நுழைந்திருக்கும் கணக்கில். இரண்டு இடத்திலும் வேறு வேறு குக்கி இருந்தது. சிஸ்டம் கணக்கின் குக்கியை நம் கணக்கின் ஃபோல்டரில் நகலெடுத்ததும் கட்டளை பேசியது.

பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: கெஸ்ட். எடைப் பயனர் இல்லை. வரிசைகளைக் கேட்டேன், ஒன்றுகூட இல்லை. சேலத்துக்குச் செய்தி தள்ளும் ஷவல் அமைப்பும் இல்லை. ஒரு பருவம் முழுக்க எடைச் சீட்டுகளைச் சுமந்த சர்வர், இன்று காலைதான் பிறந்தது போல இருந்தது.

பயனர் ஒருவர் மட்டும் காணாமல் போயிருந்தால் யாரோ நீக்கியிருக்கலாம். பயனர், வரிசை, ஷவல் மூன்றும் ஒன்றாகக் காணாமல் போயிருந்தால், நாம் பார்த்துக்கொண்டிருப்பது வேறொரு தரவுத்தளம். அதே ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், பதிவுகளுக்குப் பக்கத்தில், ரேபிட்எம்க்யூ தன் தரவை வைக்கும் இடத்தைத் திறந்தேன். அங்கே இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றின் பெயரில் கணினியின் புதுப் பெயர், மற்றதில் பழைய பெயர். புதியது ஏறத்தாழ வெறுமையாகவும், பழையது அதைவிடப் பலமடங்கு பெரிதாகவும் இருந்தன.

எர்லாங்கின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. எரிக்சன் நிறுவனத்தில் 1986-ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை மனதில் வைத்து உருவாக்கத் தொடங்கிய மொழி அது. பல கணினிகள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைத்து ஒரே அமைப்பாக ஓட வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதனால் எர்லாங்கில் எழுதப்பட்ட ரேபிட்எம்க்யூவுக்குத் தன் கணுவின் (ஓடும் ஒவ்வொரு சர்வரும் ஒரு கணு) பெயர்தான் அடையாளம். ரேபிட் என்ற சொல், அட் குறி, கணினியின் பெயர் என்று அது அமையும். தரவு ஃபோல்டரும் அந்தப் பெயரில்தான் இருக்கும். கணினியின் பெயர் மாறினால், அதன் கண்ணுக்கு அது வேறொரு ஆள். பழைய ஆளின் பெட்டியை அது திறக்காது, தனக்கென்று புதுப் பெட்டி வைத்துக்கொள்ளும்.

ஆனால் விண்டோஸில் பெயர் மாற்றம் மட்டும் இதைச் செய்துவிடாது. சர்வீஸ் பதிவாகும்போது கணுவின் பெயரும் சேர்ந்தே பதிவாகிவிடும். பெயர் மாறியதும் முதலில் நடப்பது குழப்பம். நிர்வாகக் கட்டளைகள் புதுப் பெயரில் சர்வரைத் தேடும், காணாது. அந்த நேரத்தில் யாரோ ரேபிட்எம்க்யூவை அகற்றி மறுபடி இன்ஸ்டால் செய்திருக்க வேண்டும். அப்போது சர்வீஸ் புதுப் பெயரோடு பதிவாகி, காலித் தரவுத்தளத்தோடு பளிச்சென்று எழுந்திருக்கும். அகற்றும்போது விண்டோஸ் இன்ஸ்டாலர் தரவு ஃபோல்டரைத் தொடுவதில்லை. பழைய பெட்டி தப்பியது அதனால்தான்.

ஊகத்தோடு நிற்க மனமில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 6011 என்ற எண்ணைத் தேடினேன். கணினியின் பெயர் எதிலிருந்து எதற்கு மாறியது என்பதை விண்டோஸ் அந்த எண்ணில்தான் குறித்து வைக்கும். இருந்தது. புது ஃபோல்டர் உருவான நேரம் அதற்குச் சில நாள் பிந்தியது. ரைட்டரிடம் கேட்டபோது அவருக்கும் நினைவு வந்தது. "ஆமாங்க சார், பேர் மாத்தின பிறகு ஏதோ எரர் வருதுன்னு கம்பெனிக்காரர் ரிமோட்ல வந்து திரும்பப் போட்டாரு. அப்புறம் சரியாயிடுச்சுன்னுதான் சொன்னாரு."

சீசன் இல்லாத காலம். எடை போடுபவர் யாரும் இல்லை. எனவே சர்வர் காலியாக இருப்பதையும் யாரும் பார்க்கவில்லை.

பழைய பெட்டிக்குள் இருந்தவை

இங்கே நிறுத்திக்கொண்டு, புதுத் தரவுத்தளத்தில் எடைப் பயனரை மறுபடி உருவாக்கி, வரிசைகளையும் ஷவலையும் அமைத்துவிட்டால் இன்ஸ்டாலேஷன் முடிந்துவிடும். கேட்ட வேலையும் அவ்வளவுதான். ஆனால் பழைய ஃபோல்டரின் அளவு என்னை விடவில்லை. சேலத்துக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தால் அது இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

சேலம் அலுவலகக் கணக்காளரை அழைத்துக் கேட்டேன். காப்பிக்குப் பிறகு வந்த மிளகுப் பறிப்பின் கடைசி நாட்களுக்கு எடைச் சீட்டுகள் வரவே இல்லை என்றார். எஸ்டேட்டின் கைப்பதிவேட்டைப் பார்த்து மொத்தமாக எழுதிக் கூலி கொடுத்து முடித்துவிட்டார்களாம். அவர் சொன்ன நாட்களையும் ரவுட்டர் எரிந்த நாளையும் ரைட்டரின் டைரியில் ஒப்பிட்டோம். இடி விழுந்து வெளி இணைப்பு போன பிறகும் உள்ளே கொட்டகையும் சர்வரும் ஒரே சுவிட்சில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. சீட்டுகள் வரிசையில் சேர்ந்திருக்கின்றன. வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கின்றன. வரிசை நிலைத்திருக்கும் வகை, செய்திகளும் வட்டில் எழுதப்படும் வகை, காலாவதி எதுவும் வைக்கப்படவில்லை. ஆகவே மாதக் கணக்கில் காத்திருக்கக் கூடியவை.

மீட்பு வேலையை அவசரப்படாமல் செய்தோம். முதலில் சர்வீஸை நிறுத்தி, இரண்டு ஃபோல்டர்களையும் வெளி வட்டில் நகலெடுத்தோம். ஓடும்போது எடுக்கும் நகலை நம்ப முடியாது, எனவே நிறுத்திய பிறகுதான் எடுக்க வேண்டும். அடுத்து ரேபிட்எம்க்யூவின் பதிப்பைப் பார்த்தோம். மறு இன்ஸ்டாலேஷனுக்கு அதே பழைய பென் டிரைவைப் பயன்படுத்தியிருந்ததால் பதிப்பு மாறவில்லை. மாறியிருந்தால் வேலை கடினமாகியிருக்கும். ரேபிட்எம்க்யூவில் எந்தப் பதிப்பின் தரவையும் எந்தப் பதிப்பும் திறந்துவிடாது. 4.0-க்குப் போக வேண்டுமானால் 3.13 வழியாகத்தான் போக வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டியிருந்தது. பழைய தரவுத்தளம் எழுந்த நொடியே அதிலுள்ள ஷவலும் எழும். இணையம் இருந்தால் காத்திருந்த சீட்டுகளை எல்லாம் சேலத்துக்குத் தள்ளத் தொடங்கிவிடும். சேலத்திலோ அந்த நாட்களுக்கான கணக்கு ஏற்கெனவே மொத்தமாக எழுதப்பட்டுவிட்டது. சீட்டுகளும் சேர்ந்தால் ஒரே மிளகு இரண்டு முறை கணக்கில் ஏறும். எனவே ரவுட்டரிலிருந்து வெளி இணைப்புக் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்கினோம்.

கணினிக்குப் பழைய பெயரையே திரும்பக் கொடுத்து மறுதொடக்கம் செய்தோம். ரேபிட்எம்க்யூ சர்வீஸை நீக்கி மறுபடி பதிவு செய்தோம். மென்பொருளை அகற்றவில்லை, சர்வீஸ் பதிவை மட்டும். சர்வீஸ் எழுந்தது. பயனர் பட்டியலில் எடைப் பயனர் வந்தார். வரிசைகள் வந்தன. மேலாண்மைப் பக்கத்தில், 15672 போர்ட்டில், சேலத்துக்குப் போக வேண்டிய வரிசைக்கு எதிரே தயார் நிலையில் உள்ள செய்திகளின் எண்ணிக்கை தெரிந்தது. எல்லாம் இருந்தன. ரைட்டர் அந்த எண்ணைத் தன் டைரியில் குறித்துக்கொண்டார்.

கொட்டகையில் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டினோம். எதையும் மாற்றவில்லை. பச்சை வந்தது. இந்த முறை எடைப் பயனரின் பெயரில் வந்த பச்சை. சர்வரின் பதிவுக் கோப்பிலும் அந்தப் பயனர் உள்ளே வந்ததாக வரி இருந்தது.

சேலத்தில் செய்திகளைக் கணக்கில் ஏற்றும் நிரலை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, வெளிக் கேபிளைச் செருகினோம். ஷவல் பிடித்துக்கொண்டது. மலை வரிசையில் எண் இறங்க இறங்க, சேலம் வரிசையில் ஏறியது. இரண்டும் ஒத்துப்போயின. கணக்காளர் தன் மொத்தப் பதிவை நீக்கிவிட்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றிக் கைப்பதிவேட்டோடு ஒப்பிட்டார். பெரும்பாலும் பொருந்தின. சிலரின் பெயருக்கு நேராகப் பதிவேட்டில் இருந்ததைவிடச் சீட்டில் எடை கூடுதலாக இருந்தது. அவசரத்தில் கையால் எழுதும்போது நேரக்கூடியதுதான். அவர்களுக்கு வரவேண்டிய மீதித் தொகையை எஸ்டேட் அடுத்த கூலியோடு சேர்த்துக் கொடுத்தது. டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது உள்ள நிலை

கணினியைப் பழைய பெயரிலேயே விட்டுவைக்கச் சேலம் அலுவலகத்துக்குச் சம்மதமில்லை. அவர்கள் பட்டியலுக்கும் நியாயம் இருக்கிறது. அதனால் வரிசை முழுவதும் காலியானதை உறுதி செய்துகொண்டு, பயனர், வரிசை, ஷவல் எல்லாவற்றின் வரையறைகளையும் மேலாண்மைப் பக்கத்திலிருந்து ஒரு கோப்பாக எடுத்தோம். இந்தக் கோப்பில் செய்திகள் வராது, அமைப்புகள் மட்டுமே வரும். வரிசை காலியாவதற்குக் காத்திருந்தது அதற்காகத்தான். பிறகு கணுவுக்குக் கணினியின் பெயரைச் சாராத நிலையான பெயராக, லோக்கல்ஹோஸ்ட் என்பதைச் சேர்த்து வைத்தோம். சர்வீஸை மறுபடி பதிவு செய்து, வரையறைக் கோப்பை உள்ளே ஏற்றினோம். ஒரே ஒரு சர்வர் தனியாக ஓடும் இடத்தில் இது பொருந்தும். பல சர்வர்களைக் கூட்டாக ஓட்டும் இடத்தில் இப்படி வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு கணினிக்குப் பட்டியல்படி எண் பெயர் கொடுத்தோம். பயனரும் வரிசையும் அசையவில்லை.

ஷவல் முகவரியை மறுபடி எழுதியபோது ஒரு இடத்தில் தடுக்கியது. இயல்பான விர்ச்சுவல் ஹோஸ்ட்டின் பெயரே ஒரு சாய்கோடுதான். முகவரிக்குள் அதை அப்படியே எழுதினால் வெற்றுப் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லை என்று சேலம் சர்வர் மறுத்துவிடும். சதவீதக் குறி போட்டு அதன் குறியீட்டு வடிவில் எழுத வேண்டும். பதிவுக் கோப்பைத் திறந்து வைத்திருந்ததால் இது உடனே பிடிபட்டது. கெஸ்ட் பயனரை இரண்டு சர்வர்களிலும் நீக்கிவிட்டோம்.

கெஸ்ட் போனதும், சர்வர் கணினியில் இன்ஸ்டாலரின் சோதனைப் பக்கம் சிவப்பு காட்டத் தொடங்கியது. இப்போது அதற்கு எதிரே பொருட்படுத்த வேண்டாம் என்று ரைட்டர் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார். சோதனையை அமைப்புக் கோப்பில் உள்ள பயனரை வைத்தே செய்ய வேண்டும் என்றும், தோல்வியுற்றால் பெயரா, போர்ட்டா, கடவுச்சொல்லா, அனுமதியா என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்றும் மென்பொருள் நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதிவுக் கோப்பின் அந்த இரண்டு வகை வரிகளையும் கூடவே அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.